கண்காணிப்பாளர்கள் வந்தால் என்ன நடக்கும்? ஆட்சி மாறும் நாடுகளும் சர்வதேச மனித உரிமைக் கண்காணிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் சட்டம் படிக்கும் பிள்ளைகள், நெல்லைச் சீமையின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழும் குடும்பங்கள், உண்மை அறியும் குழுக்களோடு ஊர் ஊராகப் போகும் தோழர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைத் தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகும், அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. ஐ.நா. ஆளுங்க வாராங்க, வாராங்கன்னு சொல்லுதாங்களே, அவங்க வந்து என்னதான் செய்வாங்க?

சம்பவம் நடந்த இடத்துக்கு நேரில் போவார்கள். பாதிக்கப்பட்டவர், பார்த்தவர், குற்றம் சாட்டப்பட்ட தரப்பு என எல்லோரையும் தனித்தனியே சந்திப்பார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடும் ஆவணங்களோடும் ஒப்பிட்டு, உறுதியானதை மட்டும் எழுதுவார்கள். எழுதியதை முதலில் அந்த நாட்டு அதிகாரிகளிடம் கொண்டுபோவார்கள். பிறகு தேவைக்கேற்ப வெளியிடுவார்கள்.

நேபாளத்தைப் பாருங்கள். 2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கையில் எடுத்தார். அதே ஆண்டு ஏப்ரலில் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்தோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகி, காத்மாண்டுவில் அலுவலகம் திறந்தது. பிறகு நேபாள்கஞ்ச், விராட்நகர், பொக்காரா என்று விரிந்தது. மகாராஜ்கஞ்ச் ராணுவ முகாமில் 2003ல் அடைக்கப்பட்டவர்களில் குறைந்தது 49 பேர் காணாமல் போனதை, அங்கிருந்து உயிரோடு வந்தவர்களின் வாக்குமூலங்களைக் கொண்டு அந்த அலுவலகம் 2006 மே மாதம் வெளியிட்டது. அதுவரை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே வாசல் வாசலாக அலைந்துகொண்டிருந்தது. அறிக்கை வந்த பிறகு, அத்தனை குடும்பங்களின் கேள்வியும் ஒரே கேள்வியாக அரசின் முன்னால் நின்றது.

2. தப்பு செஞ்ச ஆபீசரைப் பிடிச்சு உள்ள போட அவங்களுக்கு அதிகாரம் உண்டா?

கிடையாது. கைது, சம்மன், தண்டனை எதற்கும் அதிகாரம் இல்லை. இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இல்லாத அதிகாரத்தை எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் அடுத்த முறை பேசவே வருவதில்லை.

விசாரணை ஆணையம் நமக்குப் புதிதல்ல. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குப் பின் தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். நீதிபதி மோகன் ஆணையம் விசாரித்தது. 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டப்படி எந்த ஆணையத்தின் பரிந்துரையும் அரசைக் கட்டுப்படுத்தாது. சர்வதேசக் கண்காணிப்பும் இந்த அளவில் அதைப் போன்றதுதான். வேறுபாடு இரண்டு. ஆணையத்தை அமைப்பது குற்றம் சாட்டப்பட்ட அதே அரசு. கண்காணிப்பாளரை அனுப்புவது வெளியார். ஆணையம் வருவது எல்லாம் முடிந்த பிறகு. கண்காணிப்பாளர்கள் நல்ல சூழ்நிலையில் சம்பவம் நடக்கும் காலத்திலேயே அங்கே இருப்பார்கள். பக்கத்தில் வெளியாள் ஒருவர் குறிப்பேட்டோடு நிற்கிறார் என்றால் லத்தியை ஓங்குபவர் யோசிப்பார். அப்படித் தடுக்கப்பட்ட அடிகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

3. கூப்பிடாம ஒரு நாட்டுக்குள்ள எப்படி நுழைவாங்க?

நுழைய முடியாது. அந்த நாட்டோடு ஒப்பந்தம் போட்டு அலுவலகம் திறப்பது ஒரு வழி: நேபாளம் 2005, சூடான் 2019, வங்கதேசம் 2025. அமைதிப் பேச்சின் பகுதியாகவே கண்காணிப்புக் குழுவை ஏற்பது இன்னொரு வழி. எல் சால்வடோரில் போர்நிறுத்தத்துக்கு முன்பே, 1991 ஜூலையில், ஐ.நா. கண்காணிப்பாளர்கள் இறங்கிவிட்டார்கள். குவாத்தமாலாவில் 1994 நவம்பரில் குழு வந்தது, இறுதி உடன்படிக்கை 1996 டிசம்பரில்தான் கையெழுத்தானது. இரண்டு இடத்திலும் துப்பாக்கி ஓயும் முன்பே பதிவு தொடங்கியதால்தான் பின்னால், நடந்த கொடுமைகளை விசாரித்துப் பதிவு செய்ய வந்த உண்மை ஆணையங்களுக்குப் பிடிமானம் கிடைத்தது என்பது எங்கள் கணிப்பு.

நாடு ஒப்புக்கொள்ளாவிட்டால், 47 நாடுகள் உறுப்பினராக உள்ள ஜெனீவா மனித உரிமைப் பேரவை தீர்மானம் போட்டு விசாரணைக் குழுவை அமைக்கும். 2014ல் இலங்கைக்கு அப்படித்தான் அமைந்தது. அந்தக் குழுவை இலங்கை உள்ளே விடவில்லை. குழு வெளியிலிருந்தே வேலை செய்து 2015 செப்டம்பர் 16 அன்று அறிக்கை கொடுத்தது. வெளிநாடுகளுக்குத் தப்பியவர்களின் வாக்குமூலம் அந்த வேலையின் முக்கியத் தூண். முகாமில் இருப்பவர்கள் “நாங்க இங்க இருந்து சொல்லி என்ன ஆகப்போகுது” என்று கேட்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறோம்.

4. தேர்தல் பார்வையாளர், செஞ்சிலுவைச் சங்கம், அகதிகள் அலுவலகம் எல்லாம் ஒரே ஆளுங்கதானே?

இல்லை. தேர்தல் பார்வையாளர் வாக்குப்பதிவை ஒட்டி வந்து போவார். செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு சிறைக்குள் போகும், கைதிகளைப் பதிவு செய்யும், கடிதம் கொண்டுவரும், ஆனால் கண்டதைப் பொதுவாக வெளியில் சொல்லாது. அந்த ரகசியத்தை நம்பித்தான் அதை உள்ளே விடுகிறார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையரகம் பாதுகாப்பு, தாயகம் திரும்புதல் போன்றவற்றைப் பார்க்கும். அங்கே பதிவு செய்ததை மனித உரிமைப் புகாராக நினைத்துக்கொள்ளாதீர்கள். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஒரு ஐ.நா. அலுவலகத்தில் சொன்னது இன்னொன்றுக்குத் தானாகப் போகாது.

5. ஆட்சிதான் மாறிப் போச்சே, நல்ல அரசாங்கம் வந்தாச்சு. இன்னும் எதுக்குக் கண்காணிப்பு?

இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி இதுதான். மேலே அமைச்சர்கள் மாறியிருப்பார்கள். காவல் நிலைய ஆய்வாளர், முகாம் தளபதி, உளவுப் பிரிவு, சிறைக் கண்காணிப்பாளர், அரசு வழக்கறிஞர் பெரும்பாலும் பழைய ஆட்கள். தங்கள் மேல் வழக்கு வரும் என்ற பயம் அவர்களுக்கு வருவதும் இந்தச் சமயத்தில்தான். பதிவேடுகள் எரிவதும், சாட்சிகள் மிரட்டப்படுவதும், புதைத்த இடம் கிளறப்படுவதும் ஆட்சி மாறிய முதல் சில மாதங்களில். போதாததற்கு, பழைய ஆட்சியின் ஆதரவாளர்கள் மேல் பழிவாங்கலும் நடக்கும். அதையும் யாராவது பதிய வேண்டும்.

இலங்கையில் 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. மார்ச்சில் வரவேண்டிய விசாரணை அறிக்கை, புதிய அரசு ஒத்துழைக்கும் என்ற எதிர்பார்ப்பில் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. அக்டோபர் 1 அன்று ஜெனீவா பேரவையின் 30/1 எண் தீர்மானத்தை இலங்கையே சேர்ந்து முன்மொழிந்தது. சிறப்பு நீதிமன்றம், உண்மை ஆணையம், காணாமல் போனோர் அலுவலகம், இழப்பீட்டு அலுவலகம் என்று நான்கு உறுதிமொழிகள். பின் இரண்டும் சட்டமாயின. நீதிமன்றம் வரவே இல்லை. 2019ல் மீண்டும் ஆட்சி மாறி, 2020 பிப்ரவரியில் இலங்கை அந்தத் தீர்மானத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. சூடானிலும் அதிபர் பஷீர் வீழ்ந்த 2019ல் ஐ.நா. அலுவலகத்துக்கு ஒப்பந்தமாயிற்று, 2021 அக்டோபரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, 2023 ஏப்ரலில் போர் வெடித்தது.

ஆகவே புதிய அரசு நல்லெண்ணத்தோடு கதவைத் திறக்கும் காலம் எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. திறந்திருக்கும் நாளில் சிறைப் பதிவேடுகள், முகாம் வருகைப் பதிவுகள், மருத்துவமனைப் பிரேத பரிசோதனைக் குறிப்புகள் ஆகியவற்றின் பிரதிகளை எடுத்து நாட்டுக்கு வெளியேயும் ஒரு படி வைப்பதுதான் முதல் வேலை. பாராட்டு அறிக்கைகள் எழுதப் பிறகு நேரம் இருக்கும்.

6. சாட்சி சொல்ல உக்காந்தா என்ன கேப்பாங்க? எவ்வளவு நேரம் ஆகும்?

ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாக நல்ல வாக்குமூலம் எடுப்பது கடினம், மூன்று மணி நேரம்கூட ஆகலாம். வழக்கமாக ஒருவர் கேட்பார், ஒருவர் எழுதுவார், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். முதலில் குறுக்கிடாமல் உங்களை முழுவதும் சொல்லவிடுவார்கள். பிறகு தொடக்கத்துக்குத் திரும்பி ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். “ராணுவம் சுட்டது” என்று நீங்கள் சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொண்டு போகமாட்டார்கள். எத்தனை பேர்? சீருடை என்ன நிறம்? தொப்பியா, தலைக்கவசமா? எந்த மொழியில் பேசினார்கள்? நீங்கள் நின்ற இடத்துக்கும் அவர்களுக்கும் இடையே எவ்வளவு தூரம், இந்தச் சுவருக்கும் அந்த வேப்பமரத்துக்கும் உள்ள தூரமா, கூடவா? வெளிச்சம் இருந்ததா? சுட்டதைக் கண்ணால் பார்த்தீர்களா, சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தீர்களா? ஒரு காகிதத்தைக் கொடுத்து இடத்தை வரையச் சொல்வார்கள். சந்தேகப்பட்டுக் கேட்பதாக நினைக்க வேண்டாம். நாளை எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போவதை இன்றே கேட்டுவைக்கிறார்கள்.

தேதி நினைவில்லை என்றால் ஊகித்துச் சொல்லாதீர்கள். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கு முன்னா பின்னா, நல்லூர்க் கொடி ஏறியிருந்ததா, நெல் அறுத்தாயிற்றா என்று பிடித்துப் பிடித்துப் போனால் வாரக் கணக்குக்கு வந்துவிடலாம். “தெரியாது”, “நான் பார்க்கல, இன்னார் சொன்னார்” என்று சொல்வது உங்கள் வாக்குமூலத்தைப் பலவீனமாக்காது, பலப்படுத்தும்.

அடிக்கடி கெட்டுப்போவது இன்னொன்று. ஒரே தாயை ஐந்து அமைப்புகள் ஐந்து முறை பேட்டி எடுக்கின்றன. ஐந்திலும் சிறு சிறு வேறுபாடு வரும், அது மனித இயல்பு. வழக்கு என்று வரும்போது அந்த வேறுபாடுகளை வைத்தே சாட்சியத்தை உடைத்துவிடுவார்கள். தவிர, அந்தத் தாய் ஒவ்வொரு முறையும் அதே நாளை மறுபடி வாழ வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே யாரிடமாவது விரிவாகச் சொல்லியிருந்தால் அதை முதலிலேயே தெரிவியுங்கள். உண்மை அறியும் குழுவில் போகும் தோழர்களே, நீங்களும் அதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். பாலியல் வன்முறை பற்றிய விவரத்தை, பயிற்சி இல்லாதவர்கள் தோண்டக் கூடாது. எங்கே சொல்லலாம் என்று வழிகாட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

7. நாங்கள் கதைச்சது வெளியில தெரிஞ்சால் ஊரில இருக்கிற சொந்தங்களுக்குப் பிரச்சினை வருமோ?

வரலாம். அதனால்தான் சம்மதத்தை ஒரே கேள்வியில் முடிப்பதில்லை. பதிந்து உள்ளே வைத்துக்கொள்ளலாமா? பெயரில்லாமல் அறிக்கையில் எழுதலாமா? அரசிடம் பெயர் சொல்லிக் கேட்கலாமா? பிற்காலத்தில் நீதிமன்றத்துக்குக் கொடுக்கலாமா? நான்கும் தனித்தனி. ஒன்றுக்கு ஆம், இன்னொன்றுக்கு இல்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பின்னால் மாற்றவும் செய்யலாம்.

பெயரை மறைத்தால் மட்டும் போதாது. “அந்த ஊரில் இரண்டு மகன்களையும் இழந்த ஆசிரியை” என்று எழுதினால் ஊரே கண்டுபிடித்துவிடும். எது எது உங்களை அடையாளம் காட்டும் என்று நீங்களே சொல்லுங்கள். பேசும் இடமும் முக்கியம்: முகாமின் பொதுக்கூடத்தில் பத்துப் பேர் நடுவே எடுக்கும் வாக்குமூலம் பாதுகாப்பும் ஆகாது, நம்பகமும் ஆகாது, ஏனென்றால் அடுத்து உட்காருபவர் முன்னவர் சொன்னதைக் கேட்டிருப்பார். “உங்களுக்கு முழுப் பாதுகாப்பு தருகிறோம்” என்று யாராவது வாக்களித்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த வாக்கை எந்தக் கண்காணிப்பாளராலும் காப்பாற்ற முடியாது, நேர்மையானவர் அதைக் கொடுக்கவும் மாட்டார்.

8. ஜெயிலுக்குள்ள விடுவாங்களா? முன்னாடியே சொல்லிட்டுப் போனா எல்லாத்தையும் கழுவி வச்சிருவாங்களே?

நேபாள ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் தடுப்பிடங்களுக்குப் போகும் உரிமை எழுதப்பட்டிருந்தது. ஒப்பந்தம் போடும்போது பேரம் பேச வேண்டிய முதல் வாசகம் அதுதான். உள்ளே போனதும் முதலில் பொறுப்பதிகாரியைச் சந்தித்து வந்த நோக்கத்தைச் சொல்வார்கள். பிறகு கட்டடம் முழுக்க, சமையலறை, கழிவறை, பூட்டிய கிடங்கு அறை உட்பட, நடந்து பார்ப்பார்கள். பதிவேட்டை வாங்கி தலைக்கணக்கோடு ஒப்பிடுவார்கள். உள்ளே 31 பேர், ஏட்டில் 29 பேர் என்றால் அந்த இருவரைப் பற்றித்தான் அன்றைய வேலை. அடித்தல் திருத்தல், ஒரே மையில் ஒரே கையெழுத்தில் பத்து நாள் பதிவு ஆகியவற்றையும் பார்ப்பார்கள்.

யாரிடம் பேசுவது என்பதை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். காவலர் காதுக்கும் கண்ணுக்கும் எட்டாத இடத்தில், பலரோடு ஏறக்குறைய ஒரே அளவு நேரம் பேசுவார்கள். ஒருவரோடு மட்டும் பேசினால் சொன்னவர் யார் என்று தெரிந்துவிடும். சில நாள் கழித்து மறுபடி போய், பேசியவர்களுக்கு ஏதும் ஆனதா என்று பார்ப்பது கட்டாயம். திரும்பிப் போக முடியாது என்றால் முதல் முறையும் கைதிகளிடம் தனித்துப் பேசாமல் இருப்பதே மேல்.

9. எங்கிட்ட போன்ல வீடியோ இருக்கு. வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா போதும்லா?

போதாது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கும். எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்கள் போய்விடும். கோப்பாக, அதாவது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் ஓரளவு தேறும். எதுவானாலும் மூலக் கோப்பு எடுத்த போனிலேயே இருக்கட்டும். பெயர் மாற்றாதீர்கள், வெட்டாதீர்கள், பாட்டோ எழுத்தோ சேர்க்காதீர்கள். போன் பழையதாகிவிட்டது என்று கடையில் கொடுத்து மாற்றிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது: மூலக் கோப்பைக் கேபிள் வழியாக இரண்டு தனித்தனி சேமிப்பில் நகலெடுங்கள். தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஹாஷ்’ மதிப்பு எடுத்து எழுதி வையுங்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும், எனவே பத்து வருடம் கழித்தும் இது அதே கோப்புதான் என்று காட்டலாம். ஒரு நோட்டில் யார் எடுத்தது, எந்த நாள், எந்த இடம், எந்தத் திசை பார்த்து, யார் கைக்கு எப்போது போனது என்று எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் படங்களை வைத்து விசாரிப்பதற்கு 2020ல் வந்த பெர்க்லி நெறிமுறை இதையெல்லாம் விரிவாகச் சொல்கிறது. எடுக்கும்போதே தெருப்பெயர்ப் பலகை, கோயில் கோபுரம், தண்ணீர்த் தொட்டி போல அசையாத ஒன்றையும் சேர்த்து எடுத்தால் இடத்தைப் பிற்பாடு உறுதி செய்வது எளிது. காயம் என்றால் தூரத்திலிருந்து ஒன்று, அருகில் அளவுகோலோடு ஒன்று. தோட்டா உறை, எலும்பு, உடை எதையும் எடுத்துப் பத்திரப்படுத்த நினைக்காதீர்கள். இடத்திலிருந்து நகர்ந்த பொருள் பாதி மதிப்பை இழந்துவிடும்.

10. ஒரு அறிக்கையில 40,000ங்காங்க, இன்னொண்ணுல வேற கணக்கு. எதை நம்ப?

எண்ணுக்கு முன்னால் இருக்கும் சொல்லைப் பாருங்கள். “குறைந்தது” என்றால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த எண்ணிக்கை. உண்மை அதைவிடக் கூடுதலாக இருக்கும். “வரை” என்றால் மேல் மதிப்பீடு. இலங்கை பற்றி ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு 2011ல் கொடுத்த அறிக்கை, 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று நம்பத்தகுந்த தகவல்களை வைத்துச் சொன்னது. அது தலைக்கணக்கு அல்ல. வங்கதேசத்தில் 2024 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 15 வரையான போராட்டத்தில் 1,400 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2025 பிப்ரவரி அறிக்கை சொன்னதும் அதே வகை.

மேடையில் பேசும்போது “வரை” என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் முழங்குகிறோம். எதிர்த்தரப்பு அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு மொத்த அறிக்கையையும் பொய் என்கிறது. இறந்தவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை எண்ணைச் சரியாகச் சொல்வதில் இருக்கிறது.

11. ரெண்டு பக்கமும் தப்புன்னு எழுதுறது நியாயமா? செத்தது எங்க ஆளுங்க.

இந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள வலியை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. 2015 இலங்கை அறிக்கை அரசுப் படைகளின் கொலைகள், பாலியல் வன்முறை, மருத்துவமனை மேல் குண்டுவீச்சு ஆகியவற்றோடு, விடுதலைப் புலிகள் சிறுவர்களைச் சேர்த்ததையும் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும் எழுதியது. நேபாளத்திலும் ராணுவம், மாவோயிஸ்ட் இரு தரப்பும் பதிவாயின. இரண்டையும் எழுதுவது இரண்டும் சமம் என்று சொல்வதாகாது. ஒவ்வொரு சம்பவத்தின் அளவும் பொறுப்பும் தனித்தனியாகத்தான் எழுதப்படும். ஒரு பக்கத்தை மறைத்த அறிக்கையை மற்ற பக்கம் முதல் நாளே குப்பையில் போடும், அதோடு நம் பக்கத்து உண்மையும் போகும். நம் பக்கத்தால் பாதிக்கப்பட்ட தமிழ்த் தாய்மார்களும் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க முடியாது.

12. ஜெனீவால எல்லாம் அரசியல்தானே?

வாக்கெடுப்பில் அரசியல் உண்டு. போர் முடிந்த சில நாட்களில், 2009 மே 27 அன்று, அதே பேரவை இலங்கை அரசைப் பாராட்டும் விதமாகத் தீர்மானம் போட்டது. இந்தியா 2012லும் 2013லும் இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை ஆதரித்தது, 2014ல் விலகி நின்றது. எந்த நாட்டுக்கு விசாரணைக் குழு அமையும், எதற்கு அமையாது என்பதை இந்தக் கணக்குகள்தான் முடிவு செய்கின்றன. பல நாட்டு மக்களுக்கு இதனால் அநியாயம் நடக்கிறது.

ஆனால் குழு அமைந்த பிறகு களத்தில் எழுதப்படும் வாக்குமூலம் வாக்கெடுப்பால் மாறுவதில்லை. 2021 மார்ச்சில் 46/1 தீர்மானம் 22 ஆதரவு, 11 எதிர்ப்பு, 14 விலகல் என்று நிறைவேறி, இலங்கை தொடர்பான ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் தனிப் பிரிவு உருவானது. அதன் காலம் தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டு வருகிறது.

13. எங்கட அண்ணா 2009 மே மாதம் ஆமியிட்ட சரணடைஞ்சவர். பிறகு தகவல் இல்லை. இப்ப எழுதிக் குடுக்கலாமோ?

கொடுக்கலாம். 1980 முதல் இயங்கும் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழுவுக்குக் கால வரம்பு இல்லை. அந்த நாடு எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டிருக்க வேண்டியதும் இல்லை. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. முழுப் பெயர், காணாமல் போன நாள் (குறைந்தது மாதமும் வருடமும்), கடைசியாகப் பார்த்த அல்லது பிடிக்கப்பட்ட இடம், யார் பொறுப்பு என்று நம்புகிறீர்கள், தேடுவதற்கு இதுவரை என்ன செய்தீர்கள் ஆகியவை இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேறொருவர் உங்களுக்காக அனுப்பினால் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றில் ஒன்றில் அனுப்ப வேண்டும். மொழிபெயர்ப்பவர் உறவு முறைகளிலும் ஊர்ப் பெயரின் எழுத்திலும் பிசகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் இருக்கும் எழுத்தும் புகாரில் இருக்கும் எழுத்தும் வேறானால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார்.

அந்தச் செயற்குழு குற்றவாளி யார் என்று தீர்ப்புச் சொல்லாது. குடும்பத்தின் கேள்வியை அரசிடம் வைத்து, பதில் வரும்வரை வழக்கை மூடாமல் வைத்திருக்கும். ஆள் காணாமல் போய் மூன்று மாதத்துக்குள் என்றால் அவசர நடைமுறை உண்டு.

14. சேத்து வச்ச ஆதாரத்தை அந்த ஊர் கோர்ட்டுக்கே குடுத்தா சட்டுன்னு முடிஞ்சிரும்லா? ஏன் குடுக்க மாட்டேங்காங்க?

இரண்டு தடைகள். ஒன்று, ஏழாம் கேள்வியில் சொன்ன நான்காவது சம்மதம்: சாட்சி ஒப்புக்கொள்ளாமல் கொடுக்க முடியாது. இன்னொன்று மரண தண்டனை. தூக்கில் முடியக்கூடிய வழக்குக்கு ஐ.நா. அமைப்புகள் ஆதாரம் கொடுப்பதில்லை. வங்கதேசத் தீர்ப்பாயம் முன்னாள் பிரதமர் ஷேக் ஹசீனாவுக்கு 2025 நவம்பரில், அவர் இல்லாமலேயே, மரண தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இது முக்கியமான தருணம் என்று சொன்ன ஐ.நா. மனித உரிமை அலுவலகம், மரண தண்டனைக்கு வருத்தமும் தெரிவித்தது.

கண்காணிப்பு அறிக்கையின் அளவுகோலும் வேறு. ‘நம்புவதற்கு நியாயமான அடிப்படை’ இருந்தால் அறிக்கையில் எழுதலாம். தண்டிக்க வேண்டுமானால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். அறிக்கை விசாரணைக்கு வழி காட்டும், விசாரணையை அது முடித்துவைக்காது. சில சமயம் வழக்கு வேறு நாட்டில் நடக்கும். சிரியச் சிறைச் சித்திரவதைக்காக ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் 2022 ஜனவரியில் முன்னாள் உளவு அதிகாரி ஒருவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

15. நம்ம ஊர் ஸ்டேஷன்ல அடிச்சாலும் இவங்ககிட்ட எழுதலாமா?

குடிமை அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் கீழ் தனிநபர் புகார் கொடுக்கும் வழியை இந்தியா ஏற்கவில்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997ல் கையெழுத்திட்டும் இன்றுவரை உறுதி செய்யவில்லை. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்களுக்கு, அதாவது ஒவ்வொரு உரிமைப் பிரச்சினைக்கும் நியமிக்கப்படும் தனி நிபுணர்களுக்கு, எழுதலாம். தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு நடந்த 2018 மே மாதத்திலேயே அவர்களில் சிலர் கூட்டாகக் கண்டன அறிக்கை விட்டார்கள்.

ஆனால் முதலில் உள்ளூர் வழிகள். தேசிய மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். மாநில ஆணையத்தில் ஏற்கெனவே இருக்கும் புகாரை தேசிய ஆணையம் எடுக்காது, எனவே இரண்டுக்கும் சேர்த்துப் போடாதீர்கள். காவல் மரணம் என்றால் நீதித்துறை நடுவர் விசாரணை சட்டப்படி கட்டாயம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை உடனே அணுகலாம். காயம் ஆறும் முன் அரசு மருத்துவரிடம் காட்டி, விபத்துப் பதிவேட்டில் “போலீஸ் அடித்தது” என்று நீங்கள் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள்.

16. அம்மாவுக்கு 80 தாண்டிட்டுது. எல்லாம் முடியும் வரைக்கும் இருப்பாவோ தெரியாது. இப்ப நாங்கள் என்ன செய்யிறது?

காத்திருக்க வேண்டாம். பல குடும்பங்களில் விவரம் தெரிந்த ஒரே ஆள் அந்தத் தாய்தான். ஆறாம் கேள்வியில் சொன்ன முறையில் ஒரு தடவை, பயிற்சி உள்ள ஒருவரைக் கொண்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதி, திரும்பப் படித்துக்காட்டி, திருத்தி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். அதையே வீடியோவிலும் எடுங்கள். நான்கு சம்மதங்களையும் தனித்தனியாகக் கேட்டு, அவர் காலத்துக்குப் பிறகு முடிவு எடுக்கும் உரிமை யாருக்கு என்பதையும் அவர் வாயாலேயே பதியுங்கள்.

காணாமல் போனவரின் உடல் அடையாளங்களைத் தனித்தாளில் எழுதுங்கள்: உயரம், எந்தப் பல் இல்லை, எந்தப் பல் அடைத்தது, சிறுவயதில் கை கால் முறிந்ததா, எந்தப் பக்கம், அறுவைத் தழும்பு, கடைசியாக உடுத்திருந்த உடை, செருப்பு, மோதிரம், தாயத்து. யாழ்ப்பாணத்தின் செம்மணிப் புதைகுழி போன்ற இடங்களில் எலும்புக்கூடுகள் கிடைக்கும்போது ஒப்பிட இந்த விவரங்கள்தான் உதவும். மரபணு மாதிரியில் தாயுடையது மிகவும் பயன்படும், ஆனால் யார் எடுக்கிறார்கள், எங்கே வைப்பார்கள், வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டார்கள் என்பதற்கு எழுத்தில் பதில் கிடைக்காமல் கொடுக்காதீர்கள். தாளில் ஒரு படி உங்களிடம், ஒரு படி வேறு ஊரில் நம்பிக்கையான உறவினரிடம், ஒரு படி உங்கள் புகாரைக் கையாளும் அமைப்பிடம் இருக்கட்டும். மூன்றிலும் ஒரே தேதி, ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.